தூரத்தின் மேல் விழுந்த பழி

1936இல் லண்டனின் மேற்கே, பார்க் ராயல் என்ற இடத்தில் கின்னஸ் நிறுவனம் ஒரு பீர் ஆலையைத் திறந்தது. 2005இல் அதை மூடியது. இடைப்பட்ட 69 ஆண்டுகளில் லண்டன்வாசி குடித்த கின்னஸ் பார்க் ராயலில் காய்ச்சியது. டப்ளின்வாசி குடித்தது அவ்வூர் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையில் காய்ச்சியது. டப்ளினில் குடித்தால்தான் கின்னஸ் என்று அப்போது சொன்னவர்களிடம் வலுவான ஒரு காரணம் இருந்தது. அவர்கள் ஒப்பிட்டவை இரண்டு ஆலைகளின் இரண்டு பீர்கள். 2005க்குப் பிறகு பிரிட்டனின் பப்களுக்கும் டப்ளின் சரக்கே போகிறது. ஆலை ஒன்று, தண்ணீர் ஒன்று, ஈஸ்ட் ஒன்று. ஆனாலும் தீர்ப்பு ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே வழங்குகிறது.

சான்று மாறிய பிறகும் மாறாமல் நிற்கும் தீர்ப்பைத் திறனாய்வு செய்பவர் சும்மா விடக்கூடாது. இறக்குமதியான பீர் பிறந்த ஊரில் கிடைப்பதைப் போல இருப்பதில்லை என்ற கூற்றை நான் மறுக்க வரவில்லை. பெரும்பாலான நேரங்களில் அது உண்மை. என் வழக்கு அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடு. தூரம் என்கிறார்கள், மண் என்கிறார்கள், தண்ணீர் என்கிறார்கள். இவை அளவுகோல்களாகவே ஆகிவிட்டதால், பீரைக் கெடுப்பவை எவை என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

கேள்வியை முறையாகக் கேட்ட ஒரு முயற்சியிலிருந்து தொடங்குவோம். 2011இல் 'ஜர்னல் ஆஃப் ஃபுட் சயன்ஸ்' இதழில், கின்னஸ் பயணத்தைத் தாங்குகிறதா என்று ஆராயும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. நான்கு வெவ்வேறு தேசத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 14 நாடுகளில், 33 நகரங்களில், 71 பப்களில், 103 முறை சுவைத்து நூற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள். அயர்லாந்தில் சராசரி 74. பிற நாடுகளில் 57. இதன் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை வாய்ப்பேச்சாகவே இருந்த ஒன்றை எண்ணாக்கியது இந்த ஆய்வு. பப்பின் சூழல், பீரின் தோற்றம், சுவைப்பவர் யார் என்பவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தும் வேறுபாடு மறையவில்லை என்று காட்டியது. தாங்கள் தேர்ந்த சுவைஞர்கள் அல்லர் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

ஆனால் குறை அடித்தளத்தில் இருக்கிறது. சுவைத்தவருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியும். டப்ளினில் கின்னஸ் குடிக்கப் போகிறவர் வெறும் நாக்கோடு போவதில்லை. இருநூற்றைம்பது ஆண்டுப் புகழையும் கூட்டிக்கொண்டு போகிறார். சூழலுக்குத் தனி மதிப்பெண் வாங்கிக் கழித்துவிட்டால் எதிர்பார்ப்பும் கழிந்துவிடும் என்று கொள்ள இடமில்லை. மேலும் 74, 57 என்ற இரண்டு எண்களுக்குள் பீப்பாயின் வயது எவ்வளவு, குழாய் எத்தனை நாளுக்கு முன் கழுவப்பட்டது, ஊற்றியவர் பழகிய கையா என்பதெல்லாம் கரைந்து கிடக்கின்றன. கின்னஸ் எங்கே அதிகமாக ரசிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு இந்த ஆய்வு நேர்மையான விடை தருகிறது. ஏன் என்ற கேள்விக்கு அது விடை அன்று. அதை விடையாகக் காட்டிப் பேசுபவர்கள் ஆய்வு சொல்லாததை அதன் வாயில் திணிக்கிறார்கள்.

ஒப்பீடு என்றால் முதலில் ஒப்பிடப்படும் பொருள் ஒன்றேதான் என்பது உறுதியாக வேண்டும். பீர் வழக்கில் பாதிப் புகார்கள் இந்த முதற்படியிலேயே விழுந்துவிடுகின்றன. ஜெர்மனியின் பிரேமன் நகரத்து பெக்ஸ் பீரை 2012 முதல் அமெரிக்கச் சந்தைக்காக செயின்ட் லூயிஸில் காய்ச்சினார்கள். புட்டியின் தோரணையும் விலையும் ஜெர்மனியைச் சொன்னதால் குடித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஸ்டெல்லா ஆர்ட்வா பிரிட்டனில் உள்நாட்டிலேயே காய்ச்சப்படுவது; 2012இல் அங்கே அதன் மதுச்செறிவை 5 விழுக்காட்டிலிருந்து 4.8 ஆகக் குறைத்தார்கள். மதுச்செறிவு போதைக்கு மட்டும் உரிய எண் அன்று. வாயில் தங்கும் கனம், இனிப்பின் சாயல், நறுமணத்தைத் தூக்கித் தரும் ஆற்றல் எல்லாம் அதனோடு கட்டுண்டவை. இத்தகைய பீர்களைத் தாயகத்துப் பீரோடு ஒப்பிட்டு, பயணத்தில் கெட்டுவிட்டது என்று எழுதுவது கல்கத்தா ரசகுல்லாவையும் நம் தெருமுனைக் கடையின் ரசகுல்லாவையும் ஒப்பிட்டு ரயிலைக் குற்றம் சொல்வது போன்றது.

கின்னஸ் இந்த விஷயத்தில் இன்னும் சிக்கலானது. ஒரே பெயரில் பல பீர்கள் அங்கே வாழ்கின்றன. அயர்லாந்தில் புட்டியில் விற்கும் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் 4 விழுக்காட்டை ஒட்டியது. வெளிநாடுகளுக்கான ஃபாரின் எக்ஸ்ட்ரா 7.5. பெல்ஜியத்து வணிகர் ஜான் மார்ட்டின் கேட்டுக் காய்ச்சச் செய்த ஸ்பெஷல் எக்ஸ்போர்ட் 8. பிரஸ்ஸல்ஸில் ஒன்றையும் டப்ளினில் ஒன்றையும் குடித்துவிட்டுக் கின்னஸ் மாறிவிட்டது என்பவர் பீரைத் தவறாகச் சுவைக்கவில்லை. பெயர்ச்சீட்டைத் தவறாகப் படித்திருக்கிறார்.

தண்ணீர்க் கதையை விரைவாகவே முடித்துவிடலாம். டப்ளின் கின்னஸின் ரகசியம் லிஃபி ஆற்று நீர் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆலைக்கு வருவது விக்லோ மலைத்தொடரின் நீர். அதைவிட முக்கியமாக, இறக்குமதிப் பீரில் அந்தத் தண்ணீர் புட்டிக்குள்ளேயே பயணம் செய்கிறது. பீரின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பது சரி, அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும் சுவையைத் தீர்மானிக்கின்றன என்பதும் சரி. ஆனால் அது வேறு ஊரில் காய்ச்சப்பட்ட பீருக்குப் பொருந்தும் வாதம். ஆலையில் மூடி போட்டு அனுப்பிய பீருக்கு அதைச் சொல்வது தர்க்கப் பிழை.

இனி உண்மையான இறக்குமதிக்கு வருவோம்: அதே ஆலையில் அதே நாளில் மூடிபோட்ட இரண்டு புட்டிகள். ஒன்று ஊரிலேயே தங்குகிறது. மற்றது கடல் தாண்டுகிறது. இவை இரண்டும் வேறுபட்டால் காரணம் என்ன?

முதற்குற்றவாளி வெளிச்சம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. வெயில் பட்ட பீர் நாறும் என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் லின்ட்னர் 1875லேயே பதிவு செய்தார். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பழியை ஹாப் பூவின் கசப்புச் சேர்மங்கள் வரை துரத்திச் சென்றார்கள். 2001இல் வட கரோலினாவின் மால்கம் ஃபோர்ப்ஸும் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து டெனிஸ் டெ கோய்கலேரும் வினையின் இடைப்படிகளைத் தெளிவாக்கினார்கள். ஹாப்பைக் கொதிக்க வைக்கும்போது உருவாகும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள்தான் பீருக்குக் கசப்பு தருபவை. பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் ஒளியை வாங்கி அந்த அமிலங்களின் பக்கச் சங்கிலியை உடைக்கத் தூண்டுகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற வகைச் சேர்மம் ஆகிறது. லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த விலங்கை அறியாத நமக்கு எரிந்த ரப்பரும் காட்டமான காப்பித் தூளும் கலந்தது என்றால் ஓரளவு பிடிபடும்.

பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. பச்சை சிறிதே தடுக்கிறது. வெள்ளைக் கண்ணாடி ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. ஐயமுள்ள வாசகர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: வெள்ளைப் புட்டி பீர் இரண்டு வாங்கி, ஒன்றை அட்டைப்பெட்டிக்குள்ளும் மற்றதைச் சன்னலோர வெயிலில் அரை மணி நேரமும் வைத்து, இரண்டையும் குளிர வைத்து முகர்ந்து பார்த்தால் போதும். இதற்குப் பிறகு ஐரோப்பாவின் பெயர்பெற்ற லாகர் வகைப் பீர்கள் பல பச்சைப் புட்டியில்தான் உலகெங்கும் போகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். காரணம் அழகு, அடையாளம், பழக்கம். ஊரில் பீப்பாயிலிருந்து இறங்கும் பீர் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. புட்டியில் விற்பதும் வாரக்கணக்கில் தீர்ந்துவிடுகிறது. ஏற்றுமதியான புட்டியோ கடையின் குழல்விளக்குக்குக் கீழே மாதக்கணக்கில் நிற்கிறது. இதைத் தூரத்தின் குறை என்பது தவறு. தெரிந்தே தேர்ந்தெடுத்த ஒரு கண்ணாடியின் குறை இது, அந்தத் தேர்வுக்கு ஆலைகளே பொறுப்பு.

இங்கே ஒரு மாற்றுவழியையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அமெரிக்காவின் மில்லர் ஆலை வெள்ளைப் புட்டியில் விற்றும் நாறாமல் காக்கிறது. ஹாப்பின் கசப்புச் சேர்மங்களை வேதிமுறையில் திருத்தி, ஒளியால் உடையாதபடி ஆக்கிய சாற்றைச் சேர்க்கிறது. முறை என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனமான தீர்வு. நுரையும் உறுதியாக நிற்கும். ஆனால் முழு ஹாப் தரும் மூலிகை மணம் அதில் வராது, கசப்பும் சற்று முரடாக விழும். குறையைத் தவிர்த்திருக்கிறார்கள், நிறைவை எட்டவில்லை.

இரண்டாவது குற்றவாளியை ஒற்றைப் பெயரில் சொல்ல முடியாது. வெப்பமும் காலமும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அது. எவ்வளவு கவனமாக அடைத்தாலும் மூடிக்கு அடியில் சிறிதளவு ஆக்சிஜன் தங்கும். மூடியின் உள்விளிம்பு வழியாகவும் மெல்லக் கசியும். மாதங்கள் போகப்போக ஹாப்பின் பச்சை மணம் முதலில் வடிகிறது. கசப்பு மழுங்குகிறது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எழுகிறது. அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் நோனெனால் என்ற சேர்மம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரியும். இன்னும் பழசானால் தேனும் உலர்திராட்சையும் போன்ற தட்டையான இனிப்பு. வெளிச்சம் நிமிடங்களில் செய்யும் சேதத்தை இவை மாதங்களில் செய்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. பீர்த்தொழிலில் 3-30-300 என்று ஒரு வாய்பாடு வழங்குகிறது: 32 டிகிரி செல்சியஸில் 3 நாளில் ஏறும் முதுமை, 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் ஏறும். அறிவியலில் இவ்வளவு அழகான எண்கள் வருவதில்லை. இது தோராயம்தான், பீருக்குப் பீர் மாறும். ஆனால் திசை மிகச் சரி. குளிரூட்டாத கன்டெய்னர் வெயிலில் நிற்கும்போது உள்ளே 50 டிகிரியையும் தாண்டும். துறைமுகத்தில் சுங்க அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு வாரம், கடலில் கழியும் ஒரு மாதத்தைவிடக் கேடானதாக இருக்கலாம். பீர் எத்தனை மைல் வந்தது என்பதைவிட எத்தனை டிகிரியில் எத்தனை நாள் வந்தது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி. தூரமும் அந்த எண்ணும் ஒன்றல்ல.

இதைச் சோதித்துக் காட்ட ஒரு பீர் கையிலேயே இருக்கிறது. செக் நாட்டுப் பொஹீமியாவின் பில்சன் நகரில் 1842 அக்டோபரில் பவேரியாக்காரர் யோசெஃப் குரோல் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிற லாகர். இன்றைய பெயர் பில்ஸ்னர் உர்க்வெல். உலகம் குடிக்கும் லாகர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை. மென்மையான தண்ணீர், ஷாடெட்ஸ் வட்டாரத்து ஹாப், மாவுக் கலவையின் ஒரு பகுதியை மூன்று முறை தனியே எடுத்துக் கொதிக்க வைத்துச் சேர்க்கும் பழைய முறை. 4.4 விழுக்காடுதான், ஆனால் கசப்பும் மால்ட்டின் ரொட்டி மணமும் அதில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் விதம் ஒரு நல்ல வெண்பாவின் கட்டுக்கோப்பை ஒத்தது. ஒரு சீர் தளர்ந்தால் முழுவதும் தளரும். இப்படிப்பட்ட பீருக்கு மறைந்துகொள்ள இடமில்லை. வறுத்த பார்லியின் கருமைக்குள் ஸ்டவுட் தன் முதுமையை ஒளித்துக்கொள்ளலாம். வெளிர் லாகரால் முடியாது.

செக் நாட்டின் பல பப்களில் இது தொட்டியிலிருந்து வருகிறது. ஆலையிலிருந்து குளிர்வண்டியில் கொண்டுவந்து, பப்பின் எஃகுத் தொட்டிக்குள் இருக்கும் பைக்குள் நிரப்புகிறார்கள். பைக்கு வெளியே காற்றழுத்தம் தந்து பீரைத் தள்ளுவதால் பீர் காற்றையே தொடுவதில்லை. பாஸ்ட்சரைசேஷன் இல்லை, அதாவது ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்கி நுண்ணுயிரைக் கொல்லும் படி தவிர்க்கப்படுகிறது. அந்தச் சூடு பீரைக் காக்கிறது என்பதும் உண்மை, அதன் புதுமையில் ஒரு பங்கைத் தின்கிறது என்பதும் உண்மை. ஊற்றுபவர் குளிர்நீரில் அலசிய கண்ணாடியில், பக்கவாட்டுக் குழாயால் முதலில் ஈரமான அடர்நுரையை இறக்கி, அதன் அடியில் பீரை நிரப்புகிறார். நுரைதான் மூடி, கடைசி மிடறு வரை காற்றைத் தடுக்கிறது. ப்ராகில் இதைக் குடித்துவிட்டு வெளியூரில் பச்சைப் புட்டியைத் திறக்கும் ஒருவர் ஏமாறுவதில் வியப்பில்லை. பாஸ்ட்சரைசேஷன், கண்ணாடி, வெப்பம், மாதங்கள், ஊற்றும் விதம் என்று ஐந்து மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அவரோ தூரத்தை மட்டும் பார்க்கிறார்.

ஆலை இந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டதுதான் இங்கே முக்கியம். 2010களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கைக் குளிரூட்டி அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே விற்கும் புட்டியைப் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாற்றினார்கள். லண்டன் உள்ளிட்ட வெளிநாட்டு நகரங்களில் சில பப்களுக்குத் தொட்டிப் பீரையே குளிர்வண்டியில் அனுப்பினார்கள். பில்சனுக்கும் லண்டனுக்கும் இடையிலான தூரம் ஒரு மைல்கூடக் குறையவில்லை. பீர் மீண்டது. தூரத்தை அப்படியே வைத்துவிட்டு மற்றவற்றை மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு இதைவிட நெருக்கமானது இத்துறையில் இல்லை. (இதே ஆலை 2002 முதல் சில ஆண்டுகள் போலந்தின் டிஹி நகரிலும் இந்தப் பீரைக் காய்ச்சியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாய்மண்ணின் பெருமையைப் பேசும் ஆலையும் கணக்குப் புத்தகத்துக்கு முன் சில நேரம் தடுமாறும்.)

கின்னஸுக்குத் திரும்பினால் குற்றவாளி வேறு. பீப்பாய்க்குள் வெளிச்சம் புகாது. ஐரோப்பாவுக்குள் பயணமும் நீண்டதன்று. மிஞ்சுவது பப். மைக்கேல் ஆஷ் என்ற கணிதம் படித்த பணியாளர் 1959இல் நிலைநிறுத்திய நைட்ரஜன் முறையில்தான் அந்த வெண்ணெய் போன்ற நுரை பிறக்கிறது. நைட்ரஜன் மூன்று பங்கு, கரியமில வாயு ஒரு பங்கு என்ற விகிதம் பிசகினால் பீர் கூர்மையாகவோ சோடையாகவோ ஆகும். குழாய்க்குள் ஈஸ்டும் பாக்டீரியாவும் படிந்தால் புளிப்பும் வெண்ணெய் நாற்றமும் ஏறும். டப்ளினின் ஒரு பரபரப்பான பப்பில் பீப்பாய் ஒரு மாலையில் தீரும். வேற்றூரில் மதுப்பட்டியலின் ஓரத்தில் கிடக்கும் அதே பீப்பாய் வாரக்கணக்கில் குழாயில் தேங்கும். விற்பனையின் வேகம்தான் இங்கே தாய்மண். அதிகம் விற்கும் ஒரு லண்டன் பப், அயர்லாந்தின் கால்வே நகரில் ஈயோட்டும் ஒரு பப்பை இந்த ஒரு காரணத்தாலேயே வெல்லும். அயர்லாந்துக்காரர்கள் ஊருக்குள்ளேயே நல்ல கின்னஸ் எந்தப் பப்பில் என்று ஓயாமல் வாதிடுவதும் இதற்குச் சான்று. மண் ஒன்றேதான் காரணம் என்றால் அந்த வாதத்துக்கே வேலை இருக்காது.

இனி நாக்கின் பக்கம். 1964இல் ஆலிசன், ஊல் என்ற இருவர் 326 பீர் குடியர்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கள் அபிமான பீரை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அதே பீரைச் சீட்டோடு கொடுத்தபோது அபிமான பீருக்கு மதிப்பெண் ஏறியது. 2014இல் வெளிவந்த வேறொரு ஆய்வில் 138 பேருக்கு மும்முனைச் சோதனை நடத்தினார்கள்: மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். புகழ்பெற்ற ஐரோப்பிய லாகர்கள் மூன்றை வைத்து நடந்த அந்தச் சோதனையில் பெரும்பாலும் இந்தக் குருட்டு விகிதத்தைத் தாண்ட முடியவில்லை.

இதிலிருந்து வேறுபாடெல்லாம் மனப்பிரமை என்று தாவுகிறவர்களும் பிழை செய்கிறார்கள். ஒத்த பாணியில் காய்ச்சிய லாகர்களைப் பிரித்தறிவது கடினம் என்பதே அந்த ஆய்வு சொல்வது. வெயில் பட்ட பீரையும் படாத பீரையும் வைத்தால் கதை வேறு. பழகாத மூக்கும் சொல்லிவிடும். ஆகவே சுவைஞரின் எதிர்பார்ப்பு ஒரு காரணிதான், ஆனால் நுண்ணிய வேறுபாடுகளில்தான் அது ஆட்சி செய்கிறது. விடுமுறை, நண்பர்கள், பப்பின் பேச்சரவம் இவற்றை ரசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றைப் பீரின் கணக்கில் வரவு வைக்கும்போதுதான் மதிப்பீடு கெடுகிறது. மும்முனைச் சோதனையில் தேறாத வேறுபாட்டைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கம் வருணித்தால் அது பயண இலக்கியம். நல்ல பயண இலக்கியமாகவும் இருக்கலாம். திறனாய்வு அன்று.

என் தீர்ப்பு இது. வேறு ஆலையில் காய்ச்சியதை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டால், புட்டிப் பீரில் முதற்பழி கண்ணாடிக்கும் வெப்பத்துக்கும். பீப்பாய்ப் பீரில் பப்பின் பராமரிப்புக்கும் விற்பனை வேகத்துக்கும். எஞ்சிய சிறு பங்கு குடிப்பவரின் மனத்துக்கு. தூரத்துக்கென்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. இந்தத் தீர்ப்பு ஆலைகளுக்குச் சாதகமானதன்று. தூரம் என்றால் யாரும் பொறுப்பில்லை. பச்சைக் கண்ணாடி என்றால், குளிரூட்டாத கன்டெய்னர் என்றால், ஆலைக்கும் இறக்குமதியாளருக்கும் முகவரி உண்டு. அடைத்த தேதியைத் தெளிவாக அச்சிடாமல், எந்த நாள் வரை குடிக்கலாம் என்பதை மட்டும் அச்சிடும் வழக்கமும் இதே பொறுப்பின்மையின் பகுதி. பீரின் வயதை அறிய முடியாத நிலையில் அதை மதிப்பிடச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் இந்த அளவுகோலுக்கே ஓர் எல்லை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆலை அடைத்த அன்றைய சுவையே மூலம், அதிலிருந்து விலகியதெல்லாம் சிதைவு என்று கொண்டுதான் இதுவரை பேசினேன். பயணத்தைக் கணக்கில் வைத்தே காய்ச்சிய பீருக்கு அது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ ஆலையிலிருந்தும், 1820கள் முதல் பர்ட்டன் நகரிலிருந்தும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்த வெளிர் ஏல் பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் மிதந்தன. அது இந்தியப் பயணத்துக்கென்றே கண்டுபிடித்த பீர் என்ற கதை தவறு. அப்படிப்பட்ட ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது, போர்ட்டர் என்ற கரும்பீரும் அதே கப்பல்களில் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் வந்திறங்கிய ஏல் நன்கு முதிர்ந்திருந்தது, அந்த முதிர்வையே வாங்கியவர்கள் விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. அங்கே வெப்பமும் காலமும் சமையலின் கடைசிப் படிகள். கின்னஸின் ஃபாரின் எக்ஸ்ட்ராவும் அந்தக் குடும்பம்தான். 1801இல் கரீபியத் தீவுகளுக்காகக் கூடுதல் ஹாப்பும் கூடுதல் செறிவுமாகக் குறித்து வைத்த போர்ட்டரின் வழித்தோன்றல்.

வடிவமைத்த மாற்றம் வேறு, நேர்ந்துவிட்ட மாற்றம் வேறு என்பதே இங்கே பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். பச்சைப் புட்டி நாற்றத்துக்குப் பழகிப்போய், அதுதான் வெளிநாட்டு பீரின் அசல் மணம் என்று நம்பும் குடியர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பழக்கத்தால் குறை குணமாகிவிடாது, ஏனென்றால் காய்ச்சியவர் அதை நினைக்கவில்லை. பர்ட்டன் ஏலின் முதிர்வைக் காய்ச்சியவர் நினைத்தார்.

இந்த நூலும் இழுபடும் ஓர் இடம் நைஜீரியா. 1960களின் தொடக்கத்தில் லாகோஸின் இக்கேஜாவில் கின்னஸ் ஓர் ஆலை திறந்தது. டப்ளினிலிருந்து வரும் அடர்த்தியான கருஞ்சாற்றை, உள்ளூரில் காய்ச்சிய பீரோடு கலந்து ஃபாரின் எக்ஸ்ட்ரா செய்கிறார்கள். பார்லி இறக்குமதிக்குத் தடை வந்த காலத்தில் சோளத்துக்கு மாறினார்கள், அந்தத் தானியத்தின் சாயல் சுவையில் தங்கிவிட்டது. டப்ளின் பீரைவிட இனிப்பு கூடியது, கனமானது. என் அளவுகோல்படி இது வேறு ஆலையின் வேறு பீர்; ஒப்பீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஆனால் லண்டனில் வாழும் நைஜீரியர்கள் பலருக்கு டப்ளின் புட்டி கின்னஸ் போலவே இல்லை. அவர்களுக்காக லாகோஸ் புட்டிகள் கடல் தாண்டி லண்டனுக்கு வருகின்றன. அங்குள்ள சில கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று ஐரிஷ் கடலைக் கடந்தது, மற்றது ஆப்பிரிக்கக் கரையைச் சுற்றி வந்தது. வாங்குபவர் லாகோஸ்காரர் என்றால் அவர் வெளிநாட்டுப் பீர் என்று ஒதுக்கிவிட்டு நகர்வது முதலாவதை.